பழைய லென்ஸ், வேறு பிராண்ட் பாடி: முதலில் ஒரு கழித்தல் கணக்கு

"அக்கா, மாமா வீட்டு அலமாரியில் பழைய மினோல்டா லென்ஸ் ஒன்று கிடந்தது. என் சோனிக்கு ஏறுமா?" வாட்ஸ்அப்பில் இந்த மாதிரிக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். லென்ஸின் பெயர் மாறும், கேமராவின் பெயர் மாறும், கேள்வி மட்டும் மாறாது. ஏறும், ஏறாது என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். நான் திருப்பி இரண்டு எண்களைக் கேட்பேன். லென்ஸின் மவுண்ட் தூரம் எவ்வளவு, கேமராவின் மவுண்ட் தூரம் எவ்வளவு? முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். மிச்சம் வருவதுதான், இரண்டுக்கும் நடுவில் மாட்டும் அடாப்டர் என்ற இணைப்பு வளையத்தின் தடிமன். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

நான் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஷிஃப்ட் முழுக்கக் கையில் வெர்னியர் இருக்கும், இல்லையென்றால் மைக்ரோமீட்டர் இருக்கும். அதனாலோ என்னவோ, அடாப்டரைப் பார்த்தால் எனக்குக் கேமரா சாமானாகவே தோன்றாது; சொன்ன தடிமனில் இருக்கவேண்டிய ஓர் உலோக வளையமாகத்தான் தோன்றும். பெட்டியில் என்ன பெயர் அச்சிட்டிருக்கிறது, வாங்கியவர்கள் எத்தனை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று மணிக்கணக்காகப் பார்க்கிறவர்கள்கூட அந்த வளையத்தை ஒரு தடவை அளந்து பார்ப்பதில்லை.

கணக்கு இப்படித்தான்

கேமராவில் லென்ஸ் வந்து உட்காரும் உலோக வளையமான மவுண்டின் முகப்பிலிருந்து பிலிம் அல்லது சென்சார் வரை உள்ள இடைவெளியைத்தான் மவுண்ட் தூரம் என்கிறேன். ஒவ்வொரு மவுண்டுக்கும் இது மாறாத எண். 1959இல் வந்த நிக்கோன் எஃப் மவுண்டுக்கு 46.5 மில்லிமீட்டர். ஒலிம்பஸ் ஓஎம் 46. எம்42 திருகு மவுண்டும் பென்டாக்ஸ் கே மவுண்டும் 45.46. கேனன் இஎஃப் 44, பழைய மினோல்டா 43.5, கேனன் எஃப்டி 42. இவையெல்லாம் எஸ்எல்ஆர் கேமராக்களுக்குச் செய்தவை. உள்ளே மிரர் என்ற பிரதிபலிக்கும் கண்ணாடி எழுந்து இறங்க இடம் வேண்டும், அதனால் தூரம் அதிகம். மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே கிடையாது. சோனி இ 18, ஃபியூஜி எக்ஸ் 17.7, கேனன் ஆர்எஃப் 20, பானாசோனிக்கும் லைக்காவும் சிக்மாவும் பயன்படுத்தும் எல் மவுண்ட் 20, நிக்கோன் இசட் 16.

இப்போது கழித்துப் பாருங்கள். மினோல்டா லென்ஸ் சோனிக்குப் போக 25.5 மில்லிமீட்டர் அடாப்டர் வேண்டும். நிக்கோன் எஃப் லென்ஸ் அதே சோனிக்குப் போக 28.5. எம்42 லென்ஸ் ஃபியூஜிக்கு 27.76. மிச்சம் தாராளமாக இருப்பதால் நடுவில் ஒரு வெற்று வளையத்தை வைத்தால் போதும், அதற்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் தேவையில்லை. மிரர்லெஸ் வந்தபிறகு பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கிடைத்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

டிஎஸ்எல்ஆர், அதாவது டிஜிட்டல் எஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்குத்தான் சிக்கல். நிக்கோன் டிஎஸ்எல்ஆரின் தூரம் 46.5, பெரும்பாலான பழைய லென்ஸ்களின் தூரம் அதைவிடக் குறைவு. கழித்தால் மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். லென்ஸ் சென்சாரிலிருந்து தேவைக்கு அதிகமாகத் தள்ளி நிற்கும், தூரத்தில் இருப்பது தெளியாது. எவ்வளவு தூரம் வரை தெளியும் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம்: லென்ஸின் குவிய நீளத்தை அதே எண்ணால் பெருக்குங்கள், எத்தனை மில்லிமீட்டர் அதிகமோ அதால் வகுங்கள். 50 மில்லிமீட்டர் எம்42 லென்ஸ், நிக்கோனில் 1.04 மில்லிமீட்டர் அதிகம், 2500ஐ 1.04ஆல் வகுத்தால் சுமார் 2.4 மீட்டர். எதிரில் உட்கார்ந்திருப்பவரை எடுக்கலாம், அவருக்குப் பின்னால் இருக்கும் தெருவைத் தெளிவாக எடுக்க முடியாது. கேனன் எஃப்டி லென்ஸ் என்றால் வித்தியாசம் 4.5 மில்லிமீட்டர். 50 லென்ஸ் அறுபது சென்டிமீட்டரோடு நின்றுவிடும். பூவும் பூச்சியும் மட்டும் எடுக்கலாம்.

இதைச் சரிக்கட்டுகிறேன் என்று நடுவில் ஒரு சின்ன லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் விற்கிறார்கள். மலிவான கண்ணாடி வழியாக ஒரு நல்ல லென்ஸைப் பார்ப்பதற்கு அந்த லென்ஸை வாங்காமலே இருக்கலாம் என்பது என் கட்சி. கேனன் டிஎஸ்எல்ஆர் பரவாயில்லை. 44 என்பதால் எம்42, நிக்கோன், ஓஎம், பென்டாக்ஸ் கே எல்லாம் வெற்று வளையத்தோடு ஏறும். ஆனால் ஃபுல் பிரேம், அதாவது பிலிம் அளவு சென்சார் உள்ள கேனனில் சில எம்42 லென்ஸ்களின் பின்பக்கம் உள்ளே நீட்டிக்கொண்டு, எழும் மிரரில் இடிக்கும். போட்டவுடன் ஷட்டரைத் தட்டாதீர்கள். ஃபோகஸை இன்ஃபினிட்டிக்கு, அதாவது வெகுதூரத்துக்குத் திருப்பி, பின்பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று மாட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு

அடாப்டர் வாங்கப் போனால் ஐம்பது வெள்ளிக்கும் (ரிங்கிட்) கிடைக்கும், ஐந்நூறு வெள்ளிக்கும் கிடைக்கும். மலிவானது கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். அவற்றில் ஒரு பழக்கம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் போதும். இன்ஃபினிட்டி கிடைக்கவில்லை என்று பொருள் திரும்பி வரக்கூடாதல்லவா? அதனால் வேண்டுமென்றே கணக்கைவிடக் கொஞ்சம் மெல்லியதாகக் கடைந்துவிடுகிறார்கள். எம்42 லென்ஸைச் சோனிக்கு மாட்ட 27.46 இருக்கவேண்டிய வளையம் 27.3 இருக்கும். அதன் விளைவாக, லென்ஸ் இன்ஃபினிட்டியைத் தாண்டியும் திரும்பும். லென்ஸ் மேல் பொறித்திருக்கும் மீட்டர் கணக்கு எதுவும் சரியாக இருக்காது.

திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்பவருக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. தூரத்தை முன்கூட்டியே வைத்துவிட்டு எடுப்பவருக்கு நஷ்டம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் நின்று பாருங்கள். காவடி வரும், கூட்டம் நெருக்கும், தேங்காய் சிதறும். வளையத்தைத் திருப்பித் திருப்பித் தெளிவு பார்க்க நேரமிருக்காது. நான் 28 மில்லிமீட்டர் லென்ஸின் அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, எஃப் 8இல் வைத்து, தூரத்தை மூன்று மீட்டரில் நிறுத்திவிடுவேன். ஃபுல் பிரேமில் ஒன்றரை மீட்டர் தொட்டு முப்பது மீட்டருக்கு மேல் வரை எல்லாமே போதிய தெளிவோடு விழும். இது அடாப்டர் சரியாக இருந்தால். அடாப்டர் 0.1 மில்லிமீட்டர் மெல்லியதாக இருந்தால், மூன்று என்று காட்டும் இடத்தில் லென்ஸ் உண்மையில் பார்ப்பது 4.8 மீட்டரை. இரண்டு மீட்டருக்குள் வரும் முகங்கள் மங்கும். காவடி எடுப்பவரின் முகம் அந்த இரண்டு மீட்டருக்குள்தான் இருக்கும்.

50 லென்ஸில் இதே 0.1 பிழை அவ்வளவு படுத்தாது. அகல லென்ஸ் ஆக ஆகத்தான் கடுமை. தடிமன் அந்தப் பக்கம் 0.1 கூடிப்போனால் இன்னும் மோசம்: 50 லென்ஸ் 25 மீட்டரோடு நின்றுவிடும், 24 லென்ஸ் ஆறு மீட்டரைக்கூட எட்டாது. மெல்லியதைத் தடியாக்கலாம். தடியானதை வீட்டில் வைத்து மெலிய வைக்க முடியாது. தடியாக வந்தால் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

அளப்பதற்கு டிஜிட்டல் வெர்னியர் போதும், மைக்ரோமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. அடாப்டரை மேலிருந்து கீழ்வரை அப்படியே பிடித்து அளந்தால் தப்பு. கேமரா பக்கம் மூன்று காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை பாடிக்குள் போய்விடும், கணக்கில் வராது. காதுகளைச் சுற்றி இருக்கும் தட்டையான முகப்பிலிருந்து லென்ஸ் உட்காரும் முகப்பு வரை அளக்கவேண்டும். ஓரிடத்தில் அளந்து நிறுத்தாதீர்கள். வளையத்தைச் சுற்றி நாலு பக்கமும் அளந்து பாருங்கள். நாலும் ஒன்றாக இருந்து மொத்தத்தில் 0.1 குறைவு என்றால் அது நல்ல அடாப்டர், கொஞ்சம் மெலிந்தது, அவ்வளவுதான். ஒரு பக்கம் 27.40, எதிர்ப்பக்கம் 27.28 என்று வந்தால் லென்ஸ் சாய்ந்து உட்காரும். படத்தின் இடது ஓரம் தெளிவாகவும் வலது ஓரம் மங்கலாகவும் வரும். அதை எந்த வைத்தியத்தாலும் சரிசெய்ய முடியாது.

மெலிந்ததைச் சரிசெய்யும் வழி சுலபம். பெரும்பாலான அடாப்டர்கள் இரண்டு மூன்று துண்டுகளாக இருக்கும், சின்னத் திருகாணிகள் அவற்றைப் பிடித்திருக்கும். முகப்பு வளையத்தின் திருகாணிகளைச் சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரால் கழற்றினால் வளையம் தனியே வரும். அந்த இடைவெளியில் மெல்லிய பட்டையை வைத்துத் திரும்ப முறுக்கவேண்டும். நான் வைப்பது கேப்டன் டேப், எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் புழங்கும் அந்தத் தேன்நிற டேப். ஒரு சுருளின் தடிமன் இன்னொரு சுருளில் இருக்காது, அதனால் ஒட்டுவதற்கு முன் அதையும் அளந்துகொள்ளுங்கள். திருகாணித் துளைகளை அடைக்காமல், வளையம் முழுக்கச் சுற்றி ஒரே சீராக ஒட்டவேண்டும். சோதனைக்கு மட்டும் என்றால் சாதாரண ஏ4 தாள் போதும், 80 ஜிஎஸ்எம் தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் வரும். தாளை அப்படியே விட்டுவிடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் ஊறிப் பருத்துவிடும்.

கடைசியில் கண்ணால் ஒரு சோதனை. விடியற்காலையில் பாடாங் கோத்தா கடற்கரைக்குப் போங்கள். எதிரே அக்கரையில் பட்டர்வொர்த் துறைமுகத்தின் கிரேன்கள் நிற்கும். மழை பெய்து ஓய்ந்த காலை என்றால் வடக்கே குனோங் ஜெராய் மலைகூடத் தெரியும். அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, திரையில் படத்தை முடிந்தவரை பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டி பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். வளையம் முட்டி நிற்பதற்கு ஒரு மயிரிழை முன்னால் கிரேனின் இரும்புச் சட்டங்கள் கூர்மையாகிவிட்டால் அடாப்டர் கச்சிதம். வெயில் ஏறியபின் இதைச் செய்யாதீர்கள். தண்ணீரின் மேல் காற்று நெளியும், எந்த லென்ஸும் மங்கலாகத்தான் காட்டும்.

லென்ஸ் வாங்கும்போது

வீட்டில் கிடைத்தது போக, பினாங்கில் பழைய லென்ஸ் தேடுபவர்கள் லோரோங் கூலிட் சந்தைக்குத்தான் முதலில் போவார்கள். காலையிலேயே போய்விடவேண்டும். பழைய கைக்கடிகாரம், ரேடியோ, பித்தளைச் சாமான்களுக்கு நடுவில் பிலிம் கேமராவோடு லென்ஸும் கிடக்கும். விற்பவர் அதைக் கேமரா என்று விற்பார். நாம் லென்ஸுக்காக வாங்குவோம். "பொலே குராங்?" என்று விலை பேசுவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

கைப்பேசியின் டார்ச்சைப் போட்டு, அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, லென்ஸின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தைச் சாய்வாக விடுங்கள். முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நேராக விட்டால் கண் கூசும், ஒன்றும் தெரியாது. சாய்வாக விட்டால்தான் குறை தெரியும். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் கிளை விட்டுப் பரவியிருந்தால் பூஞ்சை. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். பெட்டிக்குள் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஓரத்தில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்றால் படத்தில் ஒன்றும் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். பூஞ்சை நாளாக நாளாகக் கண்ணாடியின் மேல் பூச்சை அரித்துவிடும்; துடைத்தாலும் தடம் நிற்கும். இழை எதுவும் இல்லாமல் உள்ளே பால் கலந்த மாதிரி ஒரு மூட்டம் தெரிகிறதா? வெயிலுக்கு எதிரே எடுத்தால் படம் வெளுத்துப்போகும். பலர் பூஞ்சையை மட்டும் தேடிவிட்டு இந்த மூட்டத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

உள்ளே மிதக்கும் தூசிக்கு யாரும் பயப்படவேண்டாம். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இதழ்கள் சோம்பலாக மூடும், நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். ஃபோகஸ் வளையம் இறுகியிருந்தால் கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யலாம், ஆனால் அந்தக் கூலியையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

கண்ணாடி மஞ்சளாக இருந்தால் பதற்றம் வேண்டாம். பென்டாக்ஸின் சூப்பர் டாகுமார் 50 எஃப் 1.4இன் பிந்தைய வகை போன்ற சில லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறார்கள், அது காலப்போக்கில் மஞ்சளிக்கும். புற ஊதா விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும். வெயிலில் வைக்கலாம் என்றும் சொல்வார்கள். பினாங்கு வெயிலில் ஒரு லென்ஸை ஜன்னலோரம் விட்டுவிட்டு வேலைக்குப் போனால் அது எதையாவது எரித்து வைக்கும். விளக்கே போதும்.

மாட்டுவது

புது அடாப்டர் வந்ததும் நேராகக் கேமராவில் மாட்டாதீர்கள். ஆல்கஹால் நனைத்த டிஷ்யூவால் உள்ளேயும் திருகு வரிகளிலும் துடைத்துப் பாருங்கள், சாம்பல் நிறமாக வரும். கடைந்தபோது தங்கிய உலோகத் தூள் அது. சென்சார் மேல் விழவேண்டிய பொருளே இல்லை. அப்புறம் அடாப்டரை ஜன்னலுக்கு நேரே பிடித்து உள்சுவரைப் பாருங்கள். கறுப்பாக இருந்தாலும் பளபளவென்று இருந்தால் வெளிச்சம் பட்டுத் தெறித்து, படத்தின் கறுப்புகள் சாம்பலாகும். மேட் கறுப்புப் பெயிண்ட் ஒரு பூச்சு போதும். லிட்டல் இந்தியா துணிக்கடையில் கறுப்பு வெல்வெட் வாங்கி ஒட்டலாமே என்பவர்களுக்கு: அதன் நார் உதிரும், உதிர்வது சென்சாரில்தான் போய் உட்காரும்.

எம்42க்கு வருவோம். 42 மில்லிமீட்டர் விட்டம், ஒரு மில்லிமீட்டர் புரி கொண்ட சாதாரணத் திருகு. 1949இல் கிழக்கு ஜெர்மனியின் கான்டாக்ஸ் எஸ் கேமராவோடு வந்து, பிராக்டிகா, பென்டாக்ஸ், ஜெனிட் என்று உலகம் சுற்றியது. பல எம்42 லென்ஸ்களின் பின்னால் ஒரு சின்ன ஊசி நீட்டியிருக்கும். அதை அழுத்தினால்தான் அப்பர்ச்சர் மூடும். உள்ளே விளிம்பு வைத்த அடாப்டர் வாங்கினால் திருகும்போதே அது ஊசியை அழுத்திவிடும். விளிம்பில்லாத அடாப்டர் என்றால், லென்ஸில் ஆட்டோ, மேனுவல் என்ற சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து மேனுவலில் வையுங்கள். சுவிட்சும் இல்லை, விளிம்பும் இல்லை என்றால் எப்போதும் முழுத் திறப்பில்தான் எடுக்க முடியும். ஹீலியோஸ் 44-2இல் ஊசியே இல்லை, இரண்டு வளையங்கள் மட்டும்: ஒன்றில் எண்ணை வைத்துக்கொள்வது, இன்னொன்றால் திறந்து மூடுவது. முதல் லென்ஸாக அதைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். திருகி முடித்தபின் லென்ஸின் குறி மேலே வராமல் பக்கவாட்டில் நின்றால், அடாப்டரின் விளிம்பில் மூன்று பொடித் திருகாணிகள் இருக்கிறதா என்று தேடுங்கள். அவற்றைத் தளர்த்தி உள்வளையத்தைச் சுழற்றிச் சரிசெய்யலாம்.

கேனன் எஃப்டி லென்ஸ் கொஞ்சம் பிடிவாதக்காரன். லென்ஸின் அப்பர்ச்சர் வளையம் ஏ என்ற பச்சைக் குறியில் இருந்தால் முதலில் அதை எடுத்து வேறு எண்ணுக்குத் திருப்புங்கள். அடாப்டரின் மேல் வளையத்தை ஓப்பன் பக்கம் வைத்துக்கொண்டு, சிவப்புப் புள்ளிகளை நேராக்கி லென்ஸை உட்காரவைத்துப் பூட்டுங்கள். அதன்பின் அந்த மேல் வளையத்தை லாக் பக்கம் திருப்பவேண்டும். இந்தக் கடைசித் திருப்பலில்தான் அடாப்டரின் உள்ளே இருக்கும் ஊசி லென்ஸின் நெம்புகோலைப் பிடிக்கும். அதை விட்டுவிட்டு, "அக்கா, எஃப் 11 வைத்தாலும் எஃப் 2 மாதிரியே வருகிறது" என்று எழுதுகிறவர்கள் அதிகம். நீங்கள் மாட்டியதும் அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பி, இதழ்கள் அசைகின்றனவா என்று முன்பக்கமாக ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அப்பர்ச்சர் வளையம் உள்ள நிக்கோன் லென்ஸ்களில் ஒரு தொல்லையும் இல்லை. வளையமே இல்லாத ஜி வகைக்கு மட்டும் அடாப்டரில் தனி வளையம் வேண்டும், இல்லாவிட்டால் அப்பர்ச்சர் மூடியே கிடக்கும். கேனன் இஎஃப் வேறு ஜாதி: 1987இல் வந்தபோதே அப்பர்ச்சர் முழுக்க மின்சாரத்தில் ஓடியது, வெற்று வளையம் அதற்குப் பிரயோஜனமில்லை, மின்தொடர்புள்ள அடாப்டர்தான் வாங்கவேண்டும். 135, 200 என்று கனமான லென்ஸைப் போட்டால் கேமராவைத் தூக்காதீர்கள், லென்ஸைப் பிடித்துத் தூக்குங்கள்.

ஃபுல் பிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் வைத்திருப்பவர்கள் ஃபோகல் ரெடியூசரைப் பற்றிக் கேட்பார்கள். குவிய நீளத்தை 0.71ஆகச் சுருக்கி, ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட்டித் தரும் கண்ணாடியுள்ள அடாப்டர் அது. நல்லது விலை அதிகம், மலிவானது ஓரங்களைக் குழப்பும். அந்தக் காசைச் சேர்த்து வைத்தால் ஒரு பழைய ஃபுல் பிரேம் பாடிக்கு ஆகும் என்பேன்.

கேமராவிடம் சொல்லவேண்டியவை

மாட்டியாயிற்று, ஷட்டர் அடிக்கவில்லை. பயப்படாதீர்கள். லென்ஸிலிருந்து மின்தகவல் வராததால் லென்ஸே இல்லை என்று கேமரா நினைக்கிறது. சோனியில் ரிலீஸ் வித்அவுட் லென்ஸ், ஃபியூஜியில் ஷூட் வித்அவுட் லென்ஸ் என்று மெனுவில் இருக்கும், அதை அனுமதியுங்கள். பாடியிலேயே நடுக்கத் தடுப்பு இருந்தால் குவிய நீளத்தைக் கையால் கொடுக்கவேண்டும். ஏபிஎஸ்-சி பாடியிலும் 50 லென்ஸுக்கு 50 என்றே கொடுங்கள், 75 என்று பெருக்கிக் கொடுக்காதீர்கள். லென்ஸ் மாற்றினால் எண்ணையும் மாற்றுங்கள். 135க்குக் கொடுத்த எண்ணோடு 28ஐ மாட்டினால், தடுப்பு வேலை செய்கிறேன் பேர்வழி என்று படத்தை அதுவே ஆட்டிவிடும்.

அப்பர்ச்சர் முன்னுரிமை முறையில் வைத்தால் வெளிச்ச அளவு தானாக நடக்கும். ஆட்டோ ஐஎஸ்ஓ வைப்பவர்கள் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தைத் தாங்களே எழுதிவிடவேண்டும். லென்ஸ் எதுவென்று தெரியாத கேமராவின் ஊகத்தை நம்பமுடியாது. ஆட்களை எடுக்க நான் 1/125க்குக் கீழே போகமாட்டேன்.

தெளிவாக விழும் விளிம்புகளைத் திரையில் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் என்ற நிறக்கோடு உதவியாக இருக்கும், ஆனால் எஃப் 2க்குக் கீழே அதை முழுசாக நம்பாதீர்கள். கண்ணிமை மேலும் நிறம் காட்டும், காது மேலும் காட்டும். முகம் எடுக்கும்போது திரையைப் பெரிதாக்கிக் கண்ணைப் பார்த்துத் திருப்புவதே சரி. பெரிதாக்கும் வேலையை விரல் எட்டும் ஒரு பட்டனுக்குக் கொடுத்துவிடுங்கள். பீக்கிங் நிறம் எது என்று மெனுவில் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சளும் காவியுமாகக் கூட்டம் நிற்கும் தைப்பூசத்தில் சிவப்பும் மஞ்சளும் கண்ணுக்கே தெரியாது. நீலம் இருந்தால் நீலம், இல்லையென்றால் வெள்ளை.

லைக்கா வகை ரேஞ்ச்ஃபைண்டர் அகல லென்ஸ்கள் கையில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. 35க்குக் கீழே உள்ள பலவற்றில் ஓரங்கள் இழுபடும், நிறமும் மாறும். சென்சாரின் மேல் இருக்கும் கண்ணாடி அடுக்குதான் காரணம், பிலிமில் அது இல்லை. அடாப்டரை மாற்றிப் பயனில்லை.

வைத்திருப்பது

டிரை கேபினட் ஒன்று வாங்கிவிடுங்கள். ஈரப்பதம் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். இன்னும் காய்ந்தால் நல்லதுதானே என்று 30க்கு இறக்காதீர்கள், கிரீஸும் ரப்பரும் பாழாகும். கேபினட்டுக்குக் காசில்லை என்றால் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே வைக்க ஒரு சின்ன ஈரமானி. ஜெல்லின் நிறம் மாறியதும் மறக்காமல் காயவைக்கவேண்டும். தோல் உறையோடு வந்த லென்ஸை உறையோடு வைக்காதீர்கள், தோல்தான் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சைக்குத் தீனி போடும்.

அடாப்டரை ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டவேண்டியதில்லை. ஒரே அடாப்டரை நாலு லென்ஸுக்கு மாற்றி மாற்றிப் போடுவது சிக்கனம் போலத் தோன்றும். திருகு வரி தேயும், தூள் விழும், நீங்கள் ஒட்டிய டேப்பின் கணக்கும் குழம்பும். அகல லென்ஸுக்குப் பட்டை வைத்துச் சரிசெய்த அடாப்டரை அந்த லென்ஸிலேயே விட்டுவிடுங்கள், உள்விளிம்பில் பென்சிலால் அளவை எழுதி வையுங்கள். பின்மூடியாகப் பழைய மவுண்டின் மூடி இனி உதவாது. உங்கள் பாடியின் மவுண்டுக்கான மூடிகளை மொத்தமாக நாலைந்து வாங்கிக்கொண்டால் மலிவு.